மூடிக்குள் இருந்த கம்பித் துண்டு

பிள்ளை,

இந்த உறைக்குள் ஒரு செப்புக் கம்பித் துண்டு இருக்கிறது. என் சுண்டுவிரல் நீளம்தான் வரும். குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதே. கடிதத்தைக் கடைசிவரை வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு எறிவதென்றால் எறி. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன் உன் கைக்கு வராது. அதனால் நாளைக் காலை கிளிநொச்சிக்குப் போய், வவுனியா பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடப் போகிறேன். உனக்கு முருங்கைக்காயும் தேங்காயும் கொண்டுவந்து தரும் அதே ஆள்தான். “உள்ளுக்க என்ன ஐயா?” என்று கட்டாயம் கேட்பான். கடிதம் என்றால் சிரிப்பான். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நீயும்தான் கேட்பாய். மூன்று தரம் போனை எடுத்தேன், பிள்ளை. மூன்று தரமும் உன் குரலைக் கேட்டதும் “சாப்பிட்டியோ” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “எனக்கு ஏலாது அப்பா. அந்த வேலையெண்டால் ஒவ்வொரு நாளும் மோட்டர் சைக்கிளில வயல் வயலா ஓடித்திரிய வேணும். வெள்ளிக்கிழமை வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கப்போறன்” என்றாய். விவசாயப் போதனாசிரியர் வேலை, அதுவும் தண்ணீரூற்றுப் பக்கம். அதற்காகத்தான் நான்கு வருடம் படித்தாய். நியமனக் கடிதம் வந்த அன்று நீ அம்மாவிடம் போனில் அழுதது சந்தோஷத்தில் என்றே நினைத்திருந்தேன். இப்போது வவுனியாக் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்து யாரோ நிரப்பிய படிவங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். ஆயுள் முழுக்க அதையே தட்டவும் ஆயத்தமாக இருக்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. “சரி பிள்ளை, யோசிச்சுச் செய்” என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்காக இந்த மூன்று நாளும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கரண்ட் ட்ராக்டரின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருதரம் கேள். மீள்குடியேறிய காலத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் பழத்தோட்டம் செய்து காட்டுகிறோம் என்று உருத்திரபுரத்துக்கு வந்தது. இரண்டு வருடம் படம் பிடித்துவிட்டுப் போனது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில் இந்தச் சிவப்பு வண்டியும் ஒன்று. கன்றுக்குட்டி உயரம், டீசலும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், இருக்கைக்குக் கீழே ஆறு பற்றரிகள். புல் வெட்டவும் சின்னப் பெட்டி இழுக்கவும் செய்த வண்டி. அதை என்ன செய்வதென்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் விவசாயச் சங்கக் கொட்டகையில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தது. இருக்கையில் ஒரு கோழி அடைகிடந்தது. நான் கேட்டபோது, கொட்டகை துப்பரவாகும் என்று சந்தோஷமாகத் தள்ளிவிட்டார்கள். பிறகுதான் அந்த எரிபொருள் இல்லாத காலம் வந்தது. சனம் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நான் கோழியை எழுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பதினோராம் நாள் வண்டி ஓடியது. பக்கத்துக் காணி அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உம்மட கை பட்டால் கல்லும் ஓடும் போல கிடக்கு” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்துப்போனேன் என்பதை இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

எதையும் எப்படியாவது ஓடவைத்துவிடும் அந்தப் பழக்கம் என் கைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அது தப்பிக்கச் சாட்டுச் சொல்வதற்காக அல்ல. நான் தொழில் பழகியது யுத்த காலத்துப் பொருளாதாரத் தடைக்குள். வன்னிக்குள் பற்றரி வராது, ஃபியூஸ் வராது, வயர் வராது. தேய்ந்த டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு மணித்தியாலம் பாட்டுக் கேட்போம். நாலு துளி பெட்ரோல் காட்டி மோட்டர் சைக்கிளை ஏமாற்றி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். ஒரு சுவிச் பழுதானால் வேறு சுவிச் கிடையாது. அதைத் தாண்டி ஒரு கம்பியைப் போட்டு முடிந்துவிடுவோம். “நேர் குடுக்கிறது” என்போம். ஒருமுறை மருந்தகத்தில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியின் சுவிச் எரிந்துபோனது. நான்தான் நேர் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பகல் முழுக்கப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, கூடக் குளிர்ந்தால் கையால் நிறுத்தி, சூடு ஏறினால் கையால் போட்டு, மருந்தைக் காப்பாற்றினேன். அந்த நாள் முழுக்க அந்தப் பெட்டிக்கு நான்தான் சுவிச். பிறகு வந்த வருடங்களில் கம்பி போட்டது மட்டும் எனக்கு நினைவில் நின்றது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்தது மறந்துபோயிற்று.

இனி வண்டியின் வேகப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இதை விளங்காமல் மற்றது விளங்காது. பழைய முறைப் பெட்டி அது. உள்ளே தடித்த கம்பிச் சுருள் ஒன்றும், ஒட்டினால் மின்சாரத்தை விட்டு, விலகினால் நிறுத்துகிற மூன்று ரிலேக்களும் இருக்கின்றன. பெடலை மெல்ல அமத்தினால் முதல் ரிலே “டக்” என்று ஒட்டும். மின்சாரம் சுருள் முழுவதையும் சுற்றி வருவதால் வண்டி ஊர்ந்து போகும். இன்னும் அமத்தினால் இரண்டாவது ஒட்டும், பாதிச் சுருள். அடிமட்டத்துக்கு அமத்தினால் மூன்றாவது ஒட்டி, பற்றரிகளின் முழுப் பலமும் நேரே மோட்டருக்குப் போகும். காலை எடுத்தால் மூன்றும் விட வேண்டும். ஆனால் முனைகள் கருகிப்போன ரிலே சிலவேளை உருகி ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்தாலும் விடாது. வண்டியைச் செய்தவனுக்கு இது தெரியும். அதனால் ஒரு காவல் வைத்திருந்தான். இருக்கைக்கு அடியில் ஒரு சுவிச், பிரேக்கில் ஒரு சுவிச். ஓட்டுபவர் எழும்பினாலும் சரி, பிரேக்கை மிதித்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் மேலான பெரிய ரிலே விழுந்து வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அந்த இரண்டு சுவிச்சும் துருப்பிடித்திருந்தன. புதிது வாங்கியிருக்கலாம். தடையெல்லாம் போய் எத்தனையோ வருடம். யாழ்ப்பாணத்தில் தேடினால் கிடைத்திருக்கும். தேட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பழைய சைக்கிள் டைனமோ ஒன்றிலிருந்து கம்பி வெட்டி, முறுக்கி, இரண்டு சுவிச்சையும் ஒரேயடியாகத் தாண்டி நேர் கொடுத்தேன். சாவி தொலைந்திருந்தது, வீட்டுச் சுவரில் பூட்டும் லைட் சுவிச் ஒன்றை எடுத்து, வயர் எட்டிய இடத்தில், முன்மூடிக்குள் பூட்டினேன். மூன்றாவது ரிலேயின் முனை கருகியிருந்ததையும் கண்டேன். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூடினேன். முழுப் பலத்தில் இழுக்கும் மோட்டரை வெறும் பிரேக் நிறுத்தாது. ஆக, இருக்கையில் இருப்பவர் வண்டியை நிறுத்த ஒரேயொரு வழிதான் மிச்சமிருந்தது, அந்தக் கருகின ரிலே விட வேண்டும். உனக்கும் அம்மாவுக்கும் ஓட்டக் காட்டித் தந்தபோது இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

அன்று காலை பத்து மணியிருக்கும். எரிபொருள் இல்லாமல் நீ படித்த கம்பஸ் மூடி, நீ வீட்டில் நின்றாய். பப்பாசிப் பாத்திக்கு எரு இழுத்துக்கொண்டிருந்தாய். அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் பட்டறையில் தண்ணீர் இறைக்கும் பம் ஒன்றைக் கழற்றிவைத்திருந்தேன். மோட்டரின் சத்தம் ஏறியது. ஏறினது இறங்கவில்லை. “அப்பா! நிக்குதில்லை! நான் காலை எடுத்திட்டன்!” என்று நீ கத்தினாய். நிமிர்ந்து பார்த்தேன். நீ இருக்கையை விட்டு எழும்பி நின்றபடி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். இருக்கை வெறுமையாக இருந்தது, பிள்ளை. அதை நான் என் கண்ணால் கண்டேன். அம்மா திரும்பினாள். விலக நேரமில்லை. வண்டி அவளுடைய காலைத் தொட்டிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தது. பிடித்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தது. பின்சில்லுகள் மண்ணைத் தோண்டிக்கொண்டு சுற்றின.

நான் ஓடிவந்தேன். அம்மா கத்தவில்லை. இரண்டு கையாலும் வண்டியின் முன்மூடியை அமத்தி, அதைப் பின்னால் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சுவிச் அந்த மூடிக்குள் இருந்தது. மூடியைத் திறக்க வேண்டுமானால் அவளுடைய கைகளை எடுக்க வேண்டும். “கையை எடும்! கையை எடும்!” என்று கத்தினேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் பலமாக அமத்தினாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மூடியைத் திறந்தேன். நீ பின்னால் நின்று எருப் பெட்டியைப் பிடித்து இழுத்தபடி “அம்மா, அம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தச் சில்லுகள் சுற்றின சத்தம் இப்போதும் பம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது எனக்குக் கேட்கும்.

நாலு வீட்டில் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெட்ரோலைச் சேர்த்து ஊற்றித்தான் ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனது. முழங்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உன்னை அம்மாவோடு விட்டுவிட்டு, உடுப்பு எடுக்க என்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தேன். உடுப்புக்கு முன் வேகப் பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது ரிலே ஒட்டியபடியே இருந்தது. ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பித்தான் பிரித்தேன். பிறகு அந்தக் கம்பியை வெட்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். மூடியைப் பூட்டிவிட்டுக் கை கழுவினேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் பக்கத்துக் காணி அண்ணையும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். “மிசினுக்கு என்ன வந்தது?” என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்க முன் நீ சொன்னாய்: “நான் காலை எடுத்திட்டன். சத்தியமா எடுத்திட்டன்.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொழில்காரன் நான்தானே. நான் சொன்னேன்: “மிசினில ஒரு பிழையும் இல்லை. திறந்து பாத்திட்டன். பிள்ளை பயத்தில அமத்திப்போட்டுது.” நீ என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. குனிந்து உன் வலது காலைப் பார்த்தாய். செருப்புக்குள் அந்தக் காலை ஒருதரம் அசைத்துப் பார்த்தாய். அதன் பிறகு இந்த மூன்று வருடத்தில் “எடுத்திட்டன்” என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

நாலு மாதம் அம்மாவைத் தூக்கி இருத்தி, கழுவி, உடுப்பு மாற்றினாய். “என்னாலதானே அம்மா” என்று நீ சொல்வது பட்டறைக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு பம் திருத்தினேன். பதினேழு வயதில் பாவாடையை முடிந்துகொண்டு ஸ்கூட்டரில் பறந்த பிள்ளை நீ. அதன் பிறகு ஸ்கூட்டர் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய். வவுனியாவில் கந்தோருக்கு இரண்டு மைல் வெயிலில் நடக்கிறாய். ஸ்கூட்டர் ஏன் இல்லை என்று கேட்பவர்களிடம் கண்ணில் குறை என்று சொல்கிறாயாம். உன் சிநேகிதி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றும் நான் பேசவில்லை.

திங்கட்கிழமை மேலே மூடியிருந்த தரப்பாளை விலக்கி வண்டியை வெளியில் இழுத்தேன். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அந்த வண்டியைக் கண்டாலே அவளுடைய முகம் மாறும். “இதை ஏன் இப்ப வெளியில எடுத்தனீங்கள்?” என்று கேட்டாள். ஆணி போடும் தகரப் பேணிக்குள் மூன்று வருடம் கிடந்த கம்பியை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். “அண்டைக்குப் பிள்ளை காலை எடுத்திட்டுது. மிசின்தான் ஒட்டினது. எழும்பின உடனேயாவது நிண்டிருக்க வேணும். நான் போட்ட இந்தக் கம்பிதான் நிக்க விடேல்லை” என்றேன். அவள் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எப்ப தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். “அண்டைக்கே” என்றேன். கம்பியை வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பது வருடத்தில் அவள் என்னோடு கோபித்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் போடாமல் கோபித்தது இதுதான் முதல்முறை.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போனேன். மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடையில் இரண்டு சுவிச்சும் புது ரிலேயும் கிடைத்தன. “எத்தினை வேணும் ஐயா?” என்று கேட்டான். ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தான். திரும்பி வரும்போது ஆனையிறவில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பொதியை மடியில் வைத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தபடி இருந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு காலைப் பொழுது அலைந்திருந்தால் அம்மா இன்று தடியில்லாமல் நடப்பாள், நீ முள்ளியவளைக்கும் தண்ணீரூற்றுக்கும் காற்றாய்ப் போய்வருவாய். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இருந்த முறைப்படி பூட்டினேன். லைட் சுவிச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டுபவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் சாவி வைத்தேன்.

இன்று பகல் அம்மா வந்து நின்றாள். “பூட்டி முடிஞ்சுதோ?” என்றாள். ஓம் என்றேன். “நான் ஏறி இருந்து பாக்கிறன்” என்றாள். “உமக்கு ஏனப்பா? நான் சோதிச்சுப் பாக்கிறன்” என்றேன். “நீங்கள் சோதிச்சது போதும்” என்றாள். பின்சில்லுகள் நிலத்தில் படாமல் கல் வைத்து உயர்த்தியிருந்தேன். ஆனாலும் சாவியில் கை வைத்தபடி பக்கத்திலேயே நின்றேன். அவள் உடைந்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து ஏறி இருந்தாள். பெடலை அமத்தினாள். டக். இன்னும் அமத்தினாள். டக். அடிமட்டத்துக்கு அமத்தினாள். சில்லுகள் அன்று சுற்றின மாதிரியே சுற்றின. காலை எடுக்காமலே எழும்பினாள். பெரிய ரிலே விழுந்த சத்தம் கேட்டது. சில்லுகள் நின்றுவிட்டன. திரும்ப இருந்தாள், அமத்தினாள், எழும்பினாள். மூன்றாம் முறை, நீ நின்ற மாதிரியே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். “பிள்ளை இப்பிடித்தானே நிண்டவள்?” என்றாள். ஓம் என்றேன். “அப்ப அண்டைக்கு மிசின் நிண்டிருக்கும்” என்றாள். ஓம் என்றேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். நான் அழுததை அவள் ஆறுதல் சொல்லி நிறுத்தவில்லை.

பின்னேரம் பக்கத்துக் காணி அண்ணையிடம் போய்ச் சொன்னேன். பொய்யை நாலு பேருக்கு முன்னால் சொன்னவன் உண்மையை உறைக்குள் வைத்து ஒட்டினால் போதாது. அவர் முழுவதையும் கேட்டார். என்னோடு நடந்து வந்து, பட்டறையில் திருத்தக் கிடந்த தன் பம்மைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும். விறாந்தையில் நின்ற மற்றவர்களிடமும் இந்தக் கிழமைக்குள் போவேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தினாள். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வசனம் முதலில் எழுதியிருந்தேன். “பயமில்லை, வீம்பு. அப்பிடியே எழுதுங்கோ” என்றாள். அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். வீம்புதான், பிள்ளை. என் கை பிழைத்தது என்று ஊர் சொல்வதைவிட, உன் கால் பிழைத்தது என்று சொல்வது எனக்கு இலேசாக இருந்தது. பிறகு அம்மா தன் பங்குக்கு இன்னொன்றும் எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அவள் கத்தினது என்ர காதிலயும் விழுந்தது. காலை எடுத்திட்டன் எண்டு தெளிவாத்தான் கத்தினவள். மிசின் திருத்துறவர் இல்லையெண்டு சொல்லுறாரே எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன். அதையும் அவளுக்கு எழுதுங்கோ.”

வெள்ளிக்கிழமை நீ என்ன எழுதிக் கொடுத்தாலும் அது உன் முடிவு. வெயில் கூட என்று வேண்டாம் என்று சொல், தூரம் என்று சொல், வேலையே பிடிக்கவில்லை என்று சொல். உன் காலை நம்ப முடியாது என்று மட்டும் சொல்லாதே. வேலையை எடுத்தாயானால் ஒன்றை மனதில் வைத்துக்கொள். ஒருநாள் ஒரு தோட்டக்காரன் கருகின மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நின்று, “நான் அளவாத்தான் மருந்தடிச்சனான்” என்று உன்னிடம் சொல்வான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நீ சிரிக்காதே. போத்தலைத் திறந்து பார். தெளிகருவியைத் திறந்து பார். அவனைக் குற்றம் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

என்னை மன்னி என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு இன்னும் முகமில்லை. நீ போன் எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் விறாந்தையில் அத்தனை பேருக்கு முன்னால் நீ சத்தியம் பண்ணியபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் பிந்திச் சொல்கிறேன்.

ஓம் பிள்ளை, நீ காலை எடுத்திட்டாய்.

அப்பா